வெர்னியர் அளவியின் சுழிப்பிழை: 8-ஆவது கோடு ஒன்றித்தால் பிழை 0.8-ஆ, 0.2-ஆ?

ப்ளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது. ஆய்வகத்தில் கொடுத்த வெர்னியர் அளவியின் தாடைகளை மூடினால், வெர்னியரின் (நகரும் சிறு அளவுகோலின்) சுழிக்கோடு முதன்மை அளவுகோலின் சுழிக்கு இடப்பக்கம் போய் நிற்கிறது. வெர்னியரின் 8-ஆவது கோடு முதன்மை அளவுகோலின் ஒரு கோட்டோடு ஒன்றிக்கிறது, அதாவது நேர்கோட்டில் பொருந்துகிறது. மீச்சிற்றளவு (கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) 0.1 மி.மீ. பக்கத்தில் இருந்த தோழி, பிழை −0.8 என்று எழுதினார். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, 10-இலிருந்து 8-ஐக் கழித்து −0.2 என்று எழுதினார். ஏன் 10-இலிருந்து கழிக்க வேண்டும்? பிழை எதிர்க்குறி என்றால் அளவீட்டோடு கூட்டுவதா, கழிப்பதா?

ஆசிரியர் எழுதியதுதான் சரி. பிழை −0.2 மி.மீ. அளவீட்டோடு 0.2-ஐக் கூட்ட வேண்டும். ஆனால் "நேர் பிழைக்கு இப்படி, எதிர்ப் பிழைக்கு அப்படி" என்று இரண்டு விதிகளை மனப்பாடம் செய்து வைத்தால், பரீட்சை முடிந்த மறுவாரமே எது எதற்கு என்பது குழம்பிவிடும். எனக்குத் தெரிந்து, வேலைக்கு வந்து பத்து வருடம் ஆனவர்களும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். உண்மையில் இங்கே இரண்டு விதி இல்லை, ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் மனப்பாடமே தேவையில்லை.

வெர்னியர் அளவி நமக்குச் சொல்வது ஒரே ஒரு செய்தியை: வெர்னியரின் சுழிக்கோடு முதன்மை அளவுகோலில் எந்த இடத்தில் நிற்கிறது? 31-க்கும் 32-க்கும் நடுவில் நின்றால், 31-ஐத் தாண்டி எவ்வளவு தூரம் என்பதைக் கண்ணால் ஊகிக்க முடியாது. அதற்குத்தான் வெர்னியர் கோடுகள். 9 மி.மீ. நீளத்தை 10 சம பாகமாகப் பிரித்திருப்பதால் ஒவ்வொரு வெர்னியர் பிரிவும் 0.9 மி.மீ. முதன்மைப் பிரிவைவிட 0.1 குறைவு. 4-ஆவது கோடு ஒன்றித்தால் சுழிக்கோடு 31-ஐத் தாண்டி 0.4 தள்ளி நிற்கிறது என்று பொருள். அளவு 31.4 மி.மீ.

இப்போது தாடைகளை மூடுங்கள். நடுவில் பொருள் எதுவும் இல்லை. உண்மையான அளவு சுழி. அப்போதும் கருவி ஓர் அளவைக் காட்டுகிறது என்றால், "ஒன்றுமில்லாததற்கு" அது காட்டும் அந்த அளவுதான் சுழிப்பிழை. இலங்கைப் பாடநூல்களில் இதையே பூச்சிய வழு என்பார்கள். வேலையிடத்தில் ஜீரோ எரர். பெயர் எதுவானாலும் அதைப் படிப்பதற்குத் தனி முறை கிடையாது. மற்ற அளவுகளை எப்படிப் படித்தோமோ அப்படியே படிக்க வேண்டும்.

உங்கள் அளவியில் படித்துப் பார்ப்போம். முதலில் முதன்மைக் கோல் அளவு. வெர்னியரின் சுழிக்கோட்டுக்கு இடப்பக்கம், மிக அருகில் இருக்கும் முதன்மைக் கோடு எது? முதன்மை அளவுகோல் சுழிக்கு இடப்பக்கமும் நீண்டு போவதாக மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்: −1, −2, −3. உலோகத்தில் அந்தக் கோடுகளைப் பொறித்திருக்க மாட்டார்கள், ஆனால் இடம் இருக்கிறது. வெர்னியரின் சுழி நிற்பது −1-க்கும் 0-க்கும் நடுவில். ஆகவே முதன்மைக் கோல் அளவு −1 மி.மீ. அதோடு 8 × 0.1 = 0.8-ஐக் கூட்டுங்கள். −1 + 0.8 = −0.2.

அவ்வளவுதான். "10-இலிருந்து கழி" என்ற விதி இந்தக் கூட்டலின் சுருக்கம். தோழி செய்த தவறு 8-ஐ எண்ணியதில் இல்லை. முதன்மைக் கோல் அளவைச் சுழி என்று எடுத்துக்கொண்டு, 0.8-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறியை ஒட்டியதில்தான் இருக்கிறது. வெர்னியர் கோடுகள் எப்போதும் வலப்பக்கமாகத்தான் எண்ணும். இடப்பக்கம் எவ்வளவு போனோம் என்பதை −1 சொல்லும், அங்கிருந்து வலப்பக்கம் எவ்வளவு திரும்பி வந்தோம் என்பதை 0.8 சொல்லும்.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம், எனக்கு இது அதிகம் பிடிக்கும். வெர்னியரின் 8-ஆவது கோடு ஒன்றிக்கிறது, சரி. முதன்மை அளவுகோலின் எந்தக் கோட்டோடு ஒன்றிக்கிறது என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. உங்கள் அளவியில் அது 7 மி.மீ. கோடாகத்தான் இருக்க முடியும். 8-ஆவது வெர்னியர் கோடு, வெர்னியர் சுழியிலிருந்து 8 × 0.9 = 7.2 மி.மீ. தள்ளி இருக்கிறது. அந்தக் கோடு 7-இல் நிற்கிறது என்றால் சுழிக்கோடு 7 − 7.2 = −0.2-இல் நிற்கிறது. இதே 8-ஆவது கோடு முதன்மை அளவுகோலின் 8-உடன் ஒன்றித்திருந்தால் 8 − 7.2 = +0.8. அதாவது அதே எண்ணுள்ள கோட்டோடு ஒன்றித்தால் நேர் பிழை, ஓர் எண் குறைந்த கோட்டோடு ஒன்றித்தால் எதிர்ப் பிழை. வெளிச்சம் சரியில்லாமல் சுழிக்கோடு இடப்பக்கமா வலப்பக்கமா என்று சந்தேகம் வரும்போது இந்தச் சோதனை உடனே பதில் சொல்லிவிடும்.

"ஒன்றித்த முதன்மைக் கோட்டிலிருந்து, அதுவரையுள்ள வெர்னியர் நீளத்தைக் கழி" என்ற இந்த முறை எந்த வெர்னியருக்கும் பொருந்தும். 2016 ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில், 11 முதன்மைப் பிரிவுகளின் நீளத்தை 10 பாகமாக்கிய வெர்னியர் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வழக்கமான வாய்பாட்டை அப்படியே போட்டவர்களுக்கு விடை தவறியது. சுழிக்கோடு எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டவர்களுக்கு அது இன்னொரு கழித்தல்தான். சொல்லப்போனால் அந்த வகைதான் மூத்தது. பியர் வெர்னியர் 1631-இல் இதை வெளியிட்டபோது அது நீளம் அளக்கும் கருவியே இல்லை, கோணம் அளக்கும் கால்வட்டக் கருவி. 31 அரைப்பாகைகளின் நீளத்தை 30 சம பாகமாகப் பிரித்து ஒரு நிமிடக் கோணம் வரை படித்தார். ஒரு பிரிவு கூடுதலாக எடுத்தாலும் குறைவாக எடுத்தாலும் வித்தியாசத்தைக் கொண்டு படிக்கலாம் என்பதே அவர் கண்ட வழி.

சரி, கூட்டுவதா கழிப்பதா? கருவி ஒன்றுமில்லாததற்கு −0.2 காட்டுகிறது. ஒரு பொருளை வைத்தால், பொருளின் அளவோடு அந்த −0.2-ஐயும் சேர்த்துத்தான் காட்டும். ஆகவே உண்மை அளவு = கருவி காட்டியது − சுழிப்பிழை. 31.4 காட்டினால் 31.4 − (−0.2) = 31.6 மி.மீ. நேர் பிழை 0.3 உள்ள அளவியாக இருந்தால் 31.4 − 0.3 = 31.1. காய்கறிக் கடையில் தட்டு காலியாக இருக்கும்போதே தராசு 50 கிராம் காட்டினால், நிறுத்த எடையிலிருந்து 50-ஐக் கழிக்கச் சொல்வோம் அல்லவா, அதே நியாயம். பாடநூலில் "சுழித்திருத்தம்" என்று இன்னொரு சொல் வருவதால்தான் குழப்பம் கூடுகிறது. திருத்தம் என்பது பிழையின் குறியை மாற்றி எழுதியது. பிழை என்றால் கழியுங்கள், திருத்தம் என்றால் கூட்டுங்கள். செய்முறைக் குறிப்பேட்டில் எதை எழுதியிருக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகக் குறித்துவிடுங்கள். இரண்டையும் கலந்தால்தான் ஆபத்து.

இந்தக் குறி விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கோவையில் ஒரு தொழிற்கூடத்தின் தர ஆய்வுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். ஒரு முறை, பயிற்சிக்கு வந்த பையன் ஒருவனிடம் 25.00 மி.மீ. நீளத்தில் ஸ்பேசர் புஷ்களை (இடைவெளி காக்கும் சிறு உலோகக் குழல்களை) லேத்தில் ஃபேஸிங் செய்யச் சொல்லியிருந்தோம், அதாவது முனையைச் சீவி நீளத்துக்குக் கொண்டுவர. அவன் கையில் இருந்தது 0.02 மீச்சிற்றளவு கொண்ட பழைய வெர்னியர். மூடிப் பார்த்திருக்கிறான், நல்ல பழக்கம். −0.06 என்று சரியாகவும் படித்திருக்கிறான். ஆனால் "மைனஸ், அதனால் கழிக்கணும்" என்று முடிவு செய்துவிட்டான். வெர்னியர் 25.06 காட்டும்வரை சீவினால் உண்மை நீளம் 25.00 என்பது அவன் கணக்கு. உண்மையில் ஒவ்வொரு புஷ்ஷும் 25.12 இருந்தது. திருத்தவே திருத்தாமல் விட்டிருந்தால்கூட 0.06-தான் தவறியிருக்கும். குறி மாறியதால் சரியாக இரண்டு மடங்கு. நீளம் கூடிப்போனதால் மறுபடி சீவிக் காப்பாற்ற முடிந்தது. குறைந்திருந்தால் அத்தனையும் பழைய இரும்புக்குத்தான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சுழிப்பிழையைப் பார்க்கும் பழக்கமே இல்லாதவர்கள் நடுவில் அவன் பார்த்திருக்கிறான். அவனுக்கு யாரும் காரணத்தைச் சொல்லித் தரவில்லை, வாய்பாட்டைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த −0.06-ஐப் படிக்கும் முறையும் மேலே சொன்னதுதான். 0.02 வெர்னியரில் 49 மி.மீ. நீளம் 50 பாகமாக இருக்கும். மூடிய நிலையில் 47-ஆவது கோடு ஒன்றித்தது. −1 + 47 × 0.02 = −1 + 0.94 = −0.06. திருகு அளவியிலும் இதே கதைதான். புரியிடைத் தூரம் (ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு நகரும் தூரம்) 1 மி.மீ., தலைக்கோலில் (சுழலும் வட்ட அளவுகோலில்) 100 பிரிவுகள் என்றால், முனைகள் தொடும்போது தலைக்கோலின் சுழி புரிக்கோலின் (நகராத நேர் அளவுகோலின்) கிடைக்கோட்டைத் தாண்டி மேலே போய், 95-ஆவது பிரிவு கிடைக்கோட்டில் நின்றால் −1 + 0.95 = −0.05 மி.மீ. புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை.

இனி, பாடநூல்கள் அதிகம் பேசாத ஒன்றுக்கு வருகிறேன்: இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? நேர் பிழை, எதிர்ப் பிழை இரண்டும் வெறும் குறி வேறுபாடு இல்லை. பல நேரம் கருவிக்கு என்ன நோய் என்பதையே அவை சொல்லும்.

நேர் பிழை என்றால் தாடைகள் முழுதாக மூடவில்லை. நடுவில் ஏதோ தடுக்கிறது. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, உலோகச் சீவலின் ஒரு துணுக்கு, அல்லது கீழே விழுந்ததில் தாடை விளிம்பில் எழும்பிய பிசிறு. அதனால் நேர் பிழை தெரிந்தவுடனே குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். தாடைகளின் முகத்தைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மறுபடி மூடிப் பாருங்கள். பாதி நேரம் பிழையே காணாமல் போய்விடும். துடைக்காமல் திருத்தம் போட்டு அளக்கத் தொடங்கினால், நடுவில் அந்தத் துணுக்கு உதிர்ந்துவிடும். அப்புறம் நீங்கள் போடும் திருத்தம்தான் பிழை.

எதிர்ப் பிழை வேறு. தாடைகள் மூட வேண்டிய இடத்தைத் தாண்டி உள்ளே போகின்றன. தூசியால் அப்படி நடக்காது. பெரும்பாலும் தேய்மானம்: பல வருடம் இரும்பைத் தொட்டுத் தொட்டு முகம் கரைந்திருக்கும். அல்லது வெர்னியர் தகட்டைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகள் தளர்ந்து தகடு நகர்ந்திருக்கும். தகடு நகர்வது எந்தப் பக்கமும் நடக்கலாம், அதனால் நேர் பிழையும் வரும். ஆய்வகத்தில் இருப்பவர்கள் அந்தத் திருகுகளைத் தொட வேண்டாம். பிழையைக் குறித்துத் திருத்திக்கொண்டால் போதும்.

தேய்மானத்தில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு, இதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. மூடிய தாடைகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தாடை முழுவதும் ஒரே மாதிரி இருண்டிருந்தால் நல்லது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே குழி விழுந்திருக்கிறது. ஒரே இடத்தில் வைத்து எப்போதும் மெல்லிய கம்பிகளை அளந்து வந்தால் இப்படி ஆகும். இந்த அளவியை மூடினால் குழியைச் சுற்றியுள்ள பகுதிகள் தொட்டுக்கொள்ளும், சுழிப்பிழை இல்லை என்றே காட்டும். ஆனால் அந்தக் குழியில் ஒரு கம்பியை வைத்தால் குழியின் ஆழத்துக்கு அளவு குறைந்து வரும். எந்தச் சுழித்திருத்தமும் இதைப் பிடிக்காது. விட்டம் தெரிந்த ஒரு பின்னை அதே இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மேலே இருக்கும் சிறிய தாடைகள் உள்விட்டம் அளப்பதற்கு. அவற்றின் வெளிவிளிம்புகள் தேய்ந்தால் விளைவு தலைகீழ்: துளையின் சுவரைத் தொட அவை இன்னும் அகலமாக விரிய வேண்டும், அதனால் அளவு கூடிக் காட்டும். கீழ்த் தாடைகளை மூடிப் பார்த்துக் கண்ட சுழிப்பிழை, மேல் தாடைகளின் தேய்மானத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. உள்ளீடற்ற உருளையின் வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் அளந்து சுவரின் தடிமனைக் கணக்கிடும் செய்முறையில், விடை ஏன் சற்றே விலகுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டிஜிட்டல் அளவியிலும் இதே கவனம் வேண்டும். தாடைகளுக்கு நடுவில் ஒரு துணுக்கு இருக்கும்போது சுழிப் பொத்தானை அழுத்தினால், திரை 0.00 காட்டும், பிழை உள்ளே ஒளிந்துகொள்ளும். வெர்னியரிலாவது அது கண்ணுக்குத் தெரிகிறது.

படிக்கும்போது கோட்டுக்கு நேர் மேலே கண்ணை வையுங்கள். சாய்த்துப் பார்த்தால் பக்கத்துக் கோடு ஒன்றிப்பதுபோல் தோன்றும். தாடைகளை இறுக்கி அமுக்காதீர்கள். அளவுகோல் ஓரிடத்தில், பொருள் தாடையின் முனையில் என்பதால், அமுக்கினால் நகரும் தாடை லேசாகச் சாய்ந்துவிடும். பொருளைத் தாடையின் அடிப்பக்கம், அளவுகோலுக்கு நெருக்கமாக வைப்பது நல்லது. சுழிப்பிழையைப் பார்க்கும்போதும் பொருளை அளக்கும்போதும் அழுத்தம் ஒரே மாதிரி இருக்கட்டும். மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். மூன்று முறையும் வேறு வேறு வந்தால் அது சுழிப்பிழை இல்லை, நகரும் தாடை தளர்ந்திருக்கிறது.

"பத்து முறை அளந்து சராசரி எடுத்தேன், இன்னும் திருத்தம் வேண்டுமா?" என்றும் கேட்பார்கள். வேண்டும். சராசரி எடுத்தால் கைநடுக்கத்தால் கூடியும் குறைந்தும் வரும் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சுழிப்பிழை பத்து அளவீட்டிலும் ஒரே பக்கம் இருப்பதால் சராசரியிலும் முழுதாக அப்படியே நிற்கும். சராசரியை எடுத்துவிட்டு ஒரே ஒரு முறை திருத்தினால் போதும். 0.2 தானே என்றும் விட்டுவிட வேண்டாம். 19 மி.மீ. விட்டமுள்ள குண்டின் விட்டத்தில் 0.2 தவறினால் 1 சதவீதம்தான். ஆனால் கன அளவில் விட்டம் மூன்று முறை பெருக்கப்படுவதால் அது 3 சதவீதத்துக்கும் மேலே போய்விடும்.

குறி பற்றி இன்னும் சந்தேகம் இருந்தால், உங்கள் அளவியிலேயே இதைச் செய்து பாருங்கள். சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். அதைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். மடிக்க வேண்டாம், மடித்த இடம் புடைத்துக்கொள்ளும். 8 துண்டுகளை அடுக்கி, காற்று போக நன்றாக அழுத்தி அளவெடுங்கள். பிறகு 16 துண்டுகள். தாளுக்குத் தாள் சற்று மாறலாம், உங்கள் அளவியில் 0.6, 1.4 என்பதை ஒட்டி வரும். 16 துண்டுகளின் தடிமன் 8 துண்டுகளைப்போல் இரு மடங்குதானே இருக்க வேண்டும்? 0.6-க்கு 1.4 இரு மடங்கு இல்லை. இரண்டிலிருந்தும் 0.2-ஐக் கழித்துப் பாருங்கள்: 0.4, 1.2. மூன்று மடங்காகிவிட்டது. இரண்டோடும் 0.2-ஐக் கூட்டிப் பாருங்கள்: 0.8, 1.6.